கேபிளைப் பிடுங்கினாலும் ஓடிய சர்வர்

கணிப்பொறிப் பொறியியல், மூன்றாம் ஆண்டு மாணவன்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். 'கணிப்பொறியின் பயன்கள்' என்று ஒன்றை எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதைப் போன வருஷம் ஒருவர் எழுதிவிட்டார், அதற்கு முந்தின வருஷம் இன்னொருவர் எழுதிவிட்டார். ஆகவே எனக்கு நேர்ந்த ஒரு அவமானத்தைச் சொல்லி, அதன் வழியாக ஒரு பாடத்தையும் சொல்லிவிடுகிறேன். சிவில், மெக்கானிக்கல் நண்பர்கள் அவசரப்பட்டுப் பக்கத்தைப் புரட்ட வேண்டாம். உங்களுக்கும் புரியும்படி எழுதுவேன் என்று எடிட்டரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஐந்தாம் பருவத்தில் மினி பிராஜெக்ட். எங்கள் குழுவில் மூன்று பேர். சீனியர்கள் விட்டுப் போகும் மினி டிராஃப்டர், டிராயிங் போர்டு, லேப் கோட், பழைய புத்தகம் இவற்றை ஜூனியர்கள் பார்த்து வாங்குவதற்கு ஒரு வெப் சர்வீஸ். கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதை நாங்கள் எழுதவில்லை. ஒரு பிராஜெக்ட் சென்டரில் தலைக்கு ஆயிரத்து ஐநூறு கொடுத்து வாங்கினோம். பென் டிரைவில் போட்டுக் கொடுத்து, "ஸாம்ப் பேனலைத் திறங்க, அப்பாச்சி, மைஎஸ்க்யூஎல் ரெண்டுக்கும் ஸ்டார்ட் அமுக்குங்க, பச்சை வந்ததும் பிரவுசரைத் திறங்க" என்று பாடமும் நடத்தி அனுப்பினார்கள்.

ரிவ்யூ அன்று வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்திருந்தார். நான் பட்டியலைக் காட்டினேன், ஒரு பொருளைச் சேர்த்தேன், நீக்கினேன். எல்லாம் பிரமாதமாக ஓடியது. அவர் கேட்டது ஒரே கேள்வி.

"தம்பி, உன் சர்வர் எங்கே இருக்கு?"

"இன்டர்நெட்ல இருக்கு சார்."

அவர் ஒன்றும் பேசவில்லை. கம்ப்யூட்டருக்குப் பின்னால் கையை விட்டு நெட்வொர்க் கேபிளைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். "இப்ப ரிஃப்ரெஷ் பண்ணு."

பண்ணினேன். பட்டியல் வந்தது! கேபிள் அவர் கையில், பட்டியல் திரையில். "எப்படிப்பா வந்துச்சு?" என்றார். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஓடாமல் போயிருந்தாலாவது கரண்ட் மேல், நெட் மேல் பழியைப் போட்டிருக்கலாம். ஓடித் தொலைத்ததால் அல்லவா மாட்டிக்கொண்டோம்!

அவர் திட்டவில்லை. "மார்க் போட்டுடறேன். லீவுல இதை நீயே ஒரு தடவை எழுதிப் பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த குழுவுக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால் இரண்டு நாளில் மறந்திருப்பேன். திட்டாததால் லீவில் உட்கார்ந்து எழுதினேன். அப்போது கற்றதுதான் இனி வருவது.

சர்வர் என்றதும் மனக்கண்ணில் என்ன வருகிறது? ஏ.சி. அறையில் வரிசை வரிசையாக விளக்கு மின்னும் பெட்டிகள். அதையும் சர்வர் என்பார்கள். ஆனால் அந்தப் பெட்டிக்குள் வேலை செய்வது ஒரு புரோகிராம். நாம் சி மொழியில் எழுதிப் பழகிய புரோகிராம் இரண்டு எண்ணைக் கூட்டும், விடையை அச்சிடும், முடிந்துபோகும். சர்வர் புரோகிராம் முடியாது. யாராவது ஏதாவது கேட்பார்களா என்று காத்துக்கொண்டிருக்கும், கேட்டால் பதில் சொல்லும், மறுபடியும் காத்திருக்கும். ஓட்டலில் பரிமாறுகிறவரையும் நாம் சர்வர் என்றுதானே கூப்பிடுகிறோம்? மேசைக்கு ஆள் வராதவரை அவர் தோளில் துண்டோடு நின்றுகொண்டிருப்பார். அதே வேலைதான்.

இந்தப் புரோகிராம் ஓட ஏ.சி. அறை வேண்டியதில்லை. உலகின் முதல் வெப் சர்வர் ஓடியது ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில், டிம் பெர்னர்ஸ்-லீயின் நெக்ஸ்ட் கணிப்பொறி ஒன்றில். ஆண்டு 1990. இந்தக் கணிப்பொறி ஒரு சர்வர், இதை அணைத்துவிடாதீர்கள் என்று சிவப்பு மையில் எழுதி அதன் மேல் ஒட்டியிருந்தார்கள். பார்ப்பதற்குச் சாதாரணப் பெட்டியாக இருந்ததால்தானே சீட்டு ஒட்ட வேண்டி வந்தது!

ஆக, ஸாம்ப் பேனலில் ஸ்டார்ட் அமுக்கியபோது, சர்வரை ஓட விட்டவன் நானேதான். அப்பாச்சி என்பதே ஒரு வெப் சர்வர் புரோகிராம். அதை என் கையால் ஓட விட்டுவிட்டு, சர்வர் இன்டர்நெட்டில் இருக்கிறது என்று தேர்வாளரிடம் சொல்லியிருக்கிறேன்.

சரி, கேபிள் இல்லாமல் பட்டியல் எப்படி வந்தது? பிரவுசரில் நாங்கள் அடித்த முகவரி லோக்கல்ஹோஸ்ட். அதன் எண் வடிவம் 127.0.0.1. இதற்கு அர்த்தம் 'நான் உட்கார்ந்திருக்கும் இதே கணிப்பொறி'. இந்த எண்ணுக்குப் போகும் செய்தியை ஆப்பரேட்டிங் சிஸ்டம் வெளியே அனுப்புவதே இல்லை. நெட்வொர்க் கார்டுவரைகூடப் போகாமல் உள்ளேயே திருப்பிக் கொடுத்துவிடும். பக்கத்து அறைக்கு ஆள் அனுப்பாமல் நமக்கு நாமே பேசிக்கொள்வது மாதிரி. 127 என்று தொடங்கும் முகவரிகள் எல்லாமே, 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேல், இந்த ஒரே காரியத்துக்காக ஒதுக்கி வைக்கப்பட்டவை. நம் காலத்தில் முகவரிப் பஞ்சம் வரும் என்று அன்றைக்கு யார் கண்டார்கள்!

முகவரியோடு இன்னொரு எண்ணும் வேண்டும். அதுதான் போர்ட். ஒரே கணிப்பொறியில் வெப் சர்வர் இருக்கும், டேட்டாபேஸ் சர்வர் இருக்கும், வேறு பலதும் இருக்கும். வந்த செய்தி யாருக்கு? ஹாஸ்டல் முகவரி எல்லோருக்கும் ஒன்றுதான், அறை எண் இருந்தால்தான் கடிதம் உரியவனுக்குப் போய்ச் சேரும். போர்ட் என்பது அந்த அறை எண். 16 பிட் எண் என்பதால் 65535 வரை போகலாம். பிரவுசரில் போர்ட் எண்ணைச் சொல்லாவிட்டால், பூட்டு இல்லாத இணைப்புக்கு 80, பூட்டு உள்ள இணைப்புக்கு 443 என்று அதுவே எடுத்துக்கொள்ளும். லினக்ஸில் வழக்கமாக 1024-க்குக் கீழே உள்ள எண்களைச் சாதாரண யூஸர் பிடிக்க முடியாது. அதனால்தான் நாம் பழகும்போது 3000, 5000, 8000 என்று எடுத்துக்கொள்கிறோம். ஒரு போர்ட்டை ஏற்கெனவே ஒரு புரோகிராம் பிடித்திருந்தால் அடுத்தது வந்து கதவைத் தட்டும்போது 'முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது' என்ற பிழை வரும். பெரும்பாலும் அந்த இன்னொரு புரோகிராம், நாமே காலையில் ஓட விட்டு மறந்துபோன பழைய சர்வராகத்தான் இருக்கும்.

இனி எழுதுவோம். எந்த விசையை அமுக்குவது என்பதெல்லாம் லேப் மேனுவலில் இருக்கிறது, அதை இங்கே திருப்பி எழுதப் போவதில்லை. என்ன நடக்கிறது என்பதுதான் மேனுவலில் இல்லை.

நான் எடுத்துக்கொண்டது பைத்தானும் ஃபிளாஸ்க்கும். ஆர்மின் ரோனாகர் என்ற ஆஸ்திரியர் 2010-இல் ஏப்ரல் முட்டாள் தினக் கேலியாக ஒரு குட்டி ஃபிரேம்வொர்க்கை வெளியிட, அந்த விளையாட்டு வினையாகிப் பிறந்ததுதான் ஃபிளாஸ்க். பிராஜெக்ட் சென்டர் கொடுத்ததில் எத்தனை ஃபோல்டர் என்று எண்ணக்கூட முடியவில்லை. நான் எழுதியது ஒரே ஃபைல், நாற்பது வரிக்குள். அதில் இருப்பது மூன்றே பதில்கள்: பட்டியல் கேட்டால் பட்டியல், புதுப் பொருள் கொடுத்தால் சேர்த்துக்கொள், எண்ணைச் சொல்லி நீக்கு என்றால் நீக்கு. கேட்பதற்கு கெட், கொடுப்பதற்கு போஸ்ட், நீக்குவதற்கு டெலீட். பதிலோடு ஒரு எண்ணும் போகும். 200 என்றால் சரி, 201 என்றால் புதிதாகச் சேர்த்தாயிற்று, 404 என்றால் அப்படி ஒன்று இல்லை, 500 என்றால் தப்பு சர்வர் பக்கம், அதாவது நம் பக்கம். 500 வந்தால் பிரவுசரை முறைத்துப் பிரயோஜனமில்லை. சர்வர் ஓடும் கறுப்புத் திரையைப் பாருங்கள், எந்த வரியில் விழுந்தது என்று அங்கே எழுதியிருக்கும்.

அந்தக் கறுப்புத் திரையைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் தடவை ஓட விட்டபோது ஏதோ இரண்டு மூன்று வரி வந்தது, அப்புறம் கர்சர் சும்மா நின்றுகொண்டிருந்தது. ஹேங் ஆகிவிட்டது என்று நினைத்து ஜன்னலை மூடினேன். மறுபடி ஓட்டினேன், மறுபடி 'ஹேங்', மறுபடி மூடினேன். சாயங்காலம்வரை இதே கூத்து! அது ஹேங் ஆகவில்லை. காத்துக்கொண்டிருக்கிறது. அதுதானே அதன் வேலை? ஜன்னலை மூடினால் சர்வர் செத்துப்போகும். அதை அப்படியே விட்டுவிட்டு, பிரவுசரை வேறு ஜன்னலில் திறக்க வேண்டும். நிறுத்த வேண்டுமானால் கண்ட்ரோல்-சி.

பட்டியல் பார்ப்பதற்குப் பிரவுசர் போதும். புதுப் பொருள் சேர்க்க முகவரிப் பட்டை உதவாது, ஏனென்றால் அங்கே எதை அடித்து என்டர் தட்டினாலும் அது கெட்தான். ஒரு ஃபாரம் எழுத வேண்டும், அல்லது கர்ல் என்ற கருவி வேண்டும். விண்டோஸ் 10-இல் 2018 முதல் கர்ல் கூடவே வருகிறது. ஆனால் விண்டோஸோடு வரும் பவர்ஷெல்லில் கர்ல் என்று அடித்தால் அதே பெயரில் உள்ள வேறொரு கட்டளைதான் ஓடும். இதில் எனக்கு ஒரு மதியம் போயிற்று. பழைய கமாண்ட் பிராம்ப்டிலேயே அடியுங்கள். அங்கே ஒற்றை மேற்கோள் குறி செல்லாது என்பதால், அனுப்ப வேண்டிய தகவலை ஒரு ஃபைலில் எழுதி, அந்த ஃபைலை அனுப்பச் சொல்வது நல்லது.

முதல் பொருளை ஆசையாகத் தமிழிலேயே சேர்த்தேன்: 'டிராஃப்டர்'. பதிலில் வந்ததோ பேக்ஸ்லாஷ், யூ, நாலு நாலு எழுத்தாக ஏதோ மந்திரம்! தமிழ் கெட்டுப்போய்விட்டது என்று பதறினேன். கெடவில்லை. யூனிகோடில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் குறிக்கும் ஒரு எண் உண்டு. ஃபிளாஸ்க் ஜேசனாக மாற்றும்போது ஆங்கில எழுத்தல்லாத எல்லாவற்றையும் அந்த எண்ணாக எழுதி அனுப்புகிறது. வாங்கும் பக்கத்தில் உள்ள ஜாவாஸ்கிரிப்ட் அதைத் திரும்ப எழுத்தாக்கிக்கொள்ளும். நம் கண்ணுக்கும் தமிழாகத் தெரிய வேண்டுமென்றால் அதற்கான ஒரு அமைப்பை மாற்றினால் போதும், ஒரே வரி.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பொருள்களை எங்கே வைப்பது? முதலில் நான் புரோகிராமுக்குள்ளேயே ஒரு லிஸ்டில் வைத்தேன். அழகாக ஓடியது. கண்ட்ரோல்-சி அடித்து மறுபடி ஓட்டினேன். பட்டியல் காலி! ரேமில் இருந்தது புரோகிராமோடு போய்விட்டது. ஆகவே டேட்டாபேஸ் வேண்டும். மைஎஸ்க்யூஎல் வைத்தால் அது தனியாக ஒரு சர்வர். அதை வேறு ஓட விட வேண்டும், பாஸ்வேர்டு வேண்டும். அதனால் எஸ்க்யூலைட்டை எடுத்தேன். இது பிறந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 2000-ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஹிப் என்ற அமெரிக்கர், கடற்படைப் போர்க்கப்பல் ஒன்றுக்கான மென்பொருளில் வேலை செய்துகொண்டிருந்தார். டேட்டாபேஸ் சர்வர் ஓடாவிட்டால் அந்த மென்பொருளும் முடங்கியது. நடுவில் சர்வரே இல்லாமல் வட்டிலிருந்து நேரே படித்தால் என்ன என்று யோசித்தார். விளைவு, டேட்டாபேஸ் முழுவதும் ஒரே ஃபைல். நிறுவ வேண்டியது ஏதும் இல்லை, பைத்தானோடு கூடவே வருகிறது. காப்பி எடுக்க வேண்டுமானால் சர்வரை நிறுத்திவிட்டு அந்த ஃபைலைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டால் தீர்ந்தது.

ஆனால் அந்த ஒரே ஃபைலிலும் ஒரு கண்ணி இருக்கிறது. நாற்பது பொருள் சேர்த்து வைத்திருந்தேன். மறுநாள் நண்பனிடம் காட்டலாம் என்று ஓட விட்டால், அப்படி ஒரு டேபிளே இல்லை என்கிறது! வயிற்றைக் கலக்கிவிட்டது. யார் அழித்தார்கள்? யாரும் அழிக்கவில்லை. நான் ஃபைல் பெயரை மட்டும் எழுதியிருந்தேன், எந்த ஃபோல்டர் என்று எழுதவில்லை. அப்படி எழுதினால், புரோகிராம் இருக்கும் ஃபோல்டரில் அல்ல, கட்டளை கொடுக்கும்போது நாம் நிற்கிற ஃபோல்டரில் அது தேடும். அங்கே அந்த ஃபைல் இல்லாவிட்டால் பிழை சொல்லாது. சத்தமில்லாமல் ஒரு காலி டேட்டாபேஸை உண்டாக்கி அதைத் திறந்து வைக்கும். முந்தின நாள் ஒரு ஃபோல்டரில் நின்று ஓட்டினேன், அன்று வேறொன்றில் நின்று ஓட்டினேன், அவ்வளவுதான். என் நாற்பது பொருளும் பழைய இடத்தில் பத்திரமாக இருந்தன. 'இந்தப் புரோகிராம் ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கிறதோ, அங்கே' என்று பைத்தானிடம் கேட்டு வாங்கி முழுப் பாதையாக எழுதிவிடுங்கள். அதற்காக சி டிரைவ், யூஸர்ஸ், நம் பெயர் என்று நம் லேப்டாப் பாதையை அப்படியே எழுதிவிடாதீர்கள். லேப் கணிப்பொறியில் நம் பெயரில் ஃபோல்டர் ஏது?

அடுத்த கண்ணியை நான் கண்டுபிடிக்கவில்லை, என் அறை நண்பன் கண்டுபிடித்தான். அவன் சேர்த்த புத்தகத்தின் பெயரில் ஒரு ஒற்றை மேற்கோள் குறி இருந்தது, 'டீச்சர்'ஸ் கைடு' என்கிற மாதிரி. உடனே 500! வந்த பெயரை அப்படியே எஸ்க்யூஎல் வாக்கியத்துக்குள் ஒட்டியிருந்தேன். நடுவில் வந்த குறி வாக்கியத்தைப் பாதியில் முடித்துவிட்டது. இதில் பிழையோடு போனால் பரவாயில்லை. விஷயம் தெரிந்தவன் அந்தக் குறிக்குப் பின்னால் தன் கட்டளையை எழுதி நம் டேட்டாவைப் படிக்கலாம், மாற்றலாம். எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன் என்று தியரியில் ஐந்து மார்க்குக்கு எழுதுகிறோமே, அது இதுதான். மருந்து சுலபம்: வாக்கியத்தில் பெயர் வரும் இடத்தில் கேள்விக்குறி போட்டு, பெயரைத் தனியாகக் கொடுக்க வேண்டும். பிறகு வீட்டில் போய்ப் பழைய பென் டிரைவைத் திறந்து பார்த்தேன். நாங்கள் காசு கொடுத்து வாங்கியதில் எல்லா இடத்திலும் ஒட்டுவேலைதான்! ஆயிரத்து ஐநூறு கொடுத்ததை நினைத்து அன்றைக்குத்தான் உண்மையாக வருத்தப்பட்டேன்.

இன்னொரு சின்ன வேடிக்கை. டிபக் என்ற வசதியை ஆன் செய்தால், கோடைத் திருத்திச் சேமிக்கும்போதெல்லாம் சர்வர் தானாகவே மறுபடி தொடங்கும். ரொம்ப வசதி. ஆனால் அதற்காக ஃபிளாஸ்க் நம் புரோகிராமை இரண்டு பிரதியாக ஓட்டும், ஒன்று வேலைக்கு, ஒன்று காவலுக்கு. தொடக்கத்தில் மாதிரிக்கு ஒரு டிராயிங் போர்டைச் சேர்க்கச் சொல்லி எழுதியிருந்தேன், இரண்டு போர்டு வந்து நின்றது.

லேபில் நெட் இல்லை என்று சொல்லித் தப்பிக்கிறவர்களுக்கு: நெட் உள்ள இடத்தில் பிப் கட்டளையால் ஃபிளாஸ்க்கை நிறுவாமல் ஒரு ஃபோல்டருக்குள் இறக்கி மட்டும் வையுங்கள். அதோடு அதற்குத் தேவையான மற்ற தொகுப்புகளும் கூடவே வரும். அந்த ஃபோல்டரைக் கொண்டுபோய், லேபில் அதிலிருந்தே நிறுவச் சொல்லலாம். இரண்டு இடத்திலும் ஒரே ஆப்பரேட்டிங் சிஸ்டம், ஒரே பைத்தான் பதிப்பு இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். அதில் ஒரு தொகுப்பு ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் வேறுவேறு.

கடைசியாக, அறையில் உள்ளவர்கள் தங்கள் போனில் பார்க்க ஆசைப்பட்டார்கள். 127.0.0.1 என்று அவர்கள் போனில் அடித்தால் வராது. அவர்கள் போனைப் பொறுத்தவரை 'இதே கணிப்பொறி' என்பது அந்தப் போன்தானே! சர்வரை 0.0.0.0 என்ற முகவரியில் ஓட விட வேண்டும். அதன் பொருள், இந்தக் கணிப்பொறிக்கு எத்தனை வாசல் உண்டோ அத்தனையிலும் காது கொடு என்பது. பிறகு எல்லோரும் ஒரே ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்துகொண்டு, லேப்டாப்புக்கு அந்த ஹாட்ஸ்பாட் கொடுத்த ஐ.பி. முகவரியையும் போர்ட்டையும் அடிக்க வேண்டும். விண்டோஸ் ஃபயர்வால் ஒரு தடவை அனுமதி கேட்கும். இதைச் செய்வதற்கு முன் டிபக்கை மறக்காமல் அணைத்துவிடுங்கள். டிபக்கின் பிழைப் பக்கத்திலிருந்தே நம் கணிப்பொறியில் பைத்தான் கட்டளை ஓட்ட வழி இருக்கிறது. அதற்குக் காவலாக ஒரு பின் நம்பர் உண்டு என்றாலும் அதை நம்பி வாசலைத் திறந்து வைக்க வேண்டாம். அறைத் தோழர்கள் நல்லவர்கள்தான், பக்கத்து அறையைப் பற்றி எனக்குத் தெரியாது.

ஃபைலும், இறக்கி வைத்த ஃபோல்டரும் நம் துறை லேபில் மூன்றாவது வரிசை, ஜன்னலோரக் கணிப்பொறியில் இருக்கின்றன. பென் டிரைவ் கொண்டு வந்து எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம். அங்கேயே சர்வரை ஓட விட்டும் பார்க்கலாம், வேண்டுமானால் கேபிளைக் கழற்றிவிட்டும் பாருங்கள். பட்டியலில் முதலாவதாக என்னுடைய மினி டிராஃப்டர் இருக்கும். விலை 200 ரூபாய். ஒரு திருகு மட்டும் கொஞ்சம் லூஸ்.